போர் காத்த கடலா?

"சண்டைதான் எங்கட கடலைக் காப்பாற்றினது." சாவகச்சேரிச் சந்தையில் மீனுக்கு நிற்கும்போதும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. முப்பது வருடம் வள்ளங்கள் கரையில் கிடந்தன, சுழியோடிகள் இறங்கவில்லை, அதனால் புங்குடுதீவு, நெடுந்தீவு, காரைநகர்ப் பக்கத்து முருகைக்கற்பார்கள் ஓய்வெடுத்துச் செழித்துவிட்டன என்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

வள்ளங்கள் கிடந்தது உண்மை. ஆனால் போர்க்காலக் கட்டுப்பாடு எங்கள் கடற்றொழிலாளருக்குத்தான் இருந்தது. அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இழுவைப்படகுகள் நிற்கவில்லை. பாரின்மேல் இழுத்தால் மடி கிழியும், ஆகவே பாரை அவர்கள் தொடமாட்டார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தொடத் தேவையில்லை. பாக்கு விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். பக்கத்தில் மடி கிளப்பும் சேறு மிதந்து வந்து பாரில் படிகிறது. முருகைக்கு உணவூட்டும் நுண்பாசி அதன் உடலுக்குள்ளேயே வாழ்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்த முருகை, மிச்சமிருக்கும் பலத்தையும் சேற்றைத் தள்ளுவதிலேயே செலவழிக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அதற்கு முன்பு இத்தனை ஆண்டுகள் பார்கள் பட்டதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

"செழித்துவிட்டது" என்றால் எதைவிடச் செழித்தது? ஒப்பிடப் பழைய அளவு வேண்டுமே. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த 2005இல், இலங்கையின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவைச் சேர்ந்த அர்ஜன் ராஜசூரிய பாக்கு விரிகுடாப் பார்களை ஆராய்ந்து பதிவு செய்தார். அடுத்த ஆண்டே சண்டை மூண்டது. பிறகு 2021இல், யாழ். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற குழு ஒன்று குடாநாட்டுப் பார்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டது. இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை அது கண்டது. பெருமைப்பட வேண்டிய வேலை.

ஆனால் அந்த 36ஐ எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பார் சுகமாக இருக்கிறது" என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. இனங்களின் எண்ணிக்கை பாரின் சுகத்தைச் சொல்லாது. முன்பு போதிய அளவு தேடவில்லை என்பதைத்தான் சொல்லும். உயிருள்ள முருகை எத்தனை வீதம் என்ற கணக்கும் தனியாக நின்றால் ஏமாற்றும். வெப்பத்தில் முதலில் சாவது மான்கொம்பு போலக் கிளைவிடும் முருகை. அதன் இடத்தை உருண்டைக் கல்முருகை பிடித்தால் வீதம் குறையாது. கிளைகளுக்குள் ஒளிந்து வாழ்ந்த குஞ்சுமீன்களுக்கு வீடு போய்விடும். அதனால்தான் ஆய்வாளர் அளவுநாடாவைப் பாரின்மேல் விரித்து, அதன் கீழ் வருவதை எந்த வகை என்பதோடு ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்கள்: உயிருள்ளது, வெளிறியது, அண்மையில் செத்தது, செத்துப் பாசி மூடியது. பிறகு அதே இடத்துக்குத் திரும்பப் போகிறார்கள். வெளிறல் என்பது சூட்டில் நுண்பாசி வெளியேறி முருகை வெளுப்பது, சாவு அல்ல. சூடு தணிந்தால் நுண்பாசி திரும்பி முருகை தேறலாம். திரும்பப் போகாதவருக்குத் தேறியதும் தெரியாது, செத்ததும் தெரியாது.

மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுக் கரையைப் பாருங்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தினர் அங்குள்ள தீவுகளின் பார்களைத் தொடர்ந்து அளந்துவந்ததால்தான், உயிருள்ள முருகை 38.9 வீதத்திலிருந்து 22.7 வீதமாக 2016இன் ஒரே வெப்பத்தில் விழுந்தது பதிவானது. இராமேசுவரத்துக்கு இந்தப் பக்கம் அதே ஆண்டு என்ன நடந்தது? 2005க்கும் 2021க்கும் நடுவே அந்தக் கேள்வி புதைந்து கிடக்கிறது.

செய்மதி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா ஐந்து கிலோமீற்றர்க் கட்டங்களாகக் கடல்மேற்பரப்பின் சூட்டைக் கணித்து எச்சரிக்கை தருகிறது, நல்ல உதவி. ஆனால் அது காய்ச்சலைச் சொல்லும், நோயாளியைப் பார்க்காது. 1998இன் கடல்சூட்டில் கற்பிட்டியின் ஆழம் குறைந்த பார்கள் ஏறத்தாழ முற்றாகச் செத்தன. திருகோணமலைப் புறாத்தீவு தப்பியது. இரண்டும் ஒரே நாட்டின் பார்கள். எது செத்தது, எது தப்பியது என்பதைத் தண்ணீருக்குள் இறங்கியவர்கள்தான் வந்து சொன்னார்கள்.

"யாழ். கடல்நீரேரிக்குள் பார் இல்லையே, தென்மராட்சிக்கு இதில் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. கச்சாய்ப் பக்கத்துக் கடற்புல்லில் குஞ்சாகத் திரியும் ஒராவைப் போன்ற மீன்கள் வளர்ந்தபின் பார்களிலும் மேய்பவை. பார் கெட்டால் சட்டிக்கும் தெரியும்.

அளந்தால் முருகை வளர்ந்துவிடுமா என்பது கடைசிக் கேள்வி. வளராது. ஆனால் எந்தப் பாரில் எந்த மாதம் வலை வேண்டாம், எங்கே நங்கூரம் போடக்கூடாது என்று சொல்ல அந்த அளவு வேண்டும். செலவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அடையாளத்துக்கு நாலு இரும்புக்கம்பி, ஓர் அளவுநாடா, தண்ணீருக்குள் எழுதும் பலகை, பென்சில். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கிப் பழகிய சுழியோடிகள் தீவகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிடலாம். சோளகக் காற்று எழும்ப முன்னர் ஒருமுறை, அது ஓய்ந்த பின்னர் ஒருமுறை, அதே கம்பிகளுக்கு நடுவே, ஒவ்வொரு வருடமும்.