‘டெர்மினல் பெர்ஃபோமன்ஸ்’ எண்டதுக்குத் தமிழ் என்ன?

போன மாதம் சித்தியின்ட மகன் வாட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பினான். ஏ.எல். எழுதிப்போட்டு றிசல்ட்ஸ் வரும்வரைக்கும் வீட்டில இருக்கிறவன். பப்ஜி விளையாடி யூடியூப்பில போடுறதுக்கு ஒரு சனலும் வைத்திருக்கிறான். “அக்கா, நீங்கள் மொழிபெயர்ப்புத்தானே படிக்கிறியள், இதைத் தமிழில ஒரு ஸ்கிரிப்டா எழுதித் தாங்கோ. தமிழில ஒருத்தரும் செய்யேல்ல, வியூஸ் அள்ளும்” என்றான்.

பதினெட்டு நிமிட வீடியோ. தாடி வைத்த ஒரு அமெரிக்கர், முன்னால ஒரு மேசை, மேசையில துண்டு துண்டாகச் சாமான்கள். ஏஆர்-15 வகைத் துவக்கின் மேற்பாதியை அவர்கள் ‘அப்பர்’ என்கிறார்கள். அதைக் கட்டைக் குழலோடு சேர்ப்பதென்றால் எந்தெந்தப் பார்ட்ஸ் நல்லது என்பதுதான் கதை. குழல் 10.3 அங்குலமா, 11.5ஆ, 12.5ஆ? முன்னால பிடிக்கிற உறை எவ்வளவு நீளம்? குழல் வாயில என்ன பூட்டுறது? மேல எந்தக் கண்ணாடி?

பொய் சொல்லக்கூடாது, எனக்கு வீடியோ பிடித்திருந்தது. மனுசன் நிதானமாகக் கதைக்கிறார், தன்ர விசயம் தெரிந்தவர். எங்கட பெடியள் கொம்பியூட்டர் பூட்டும்போது மதர்போர்ட், ராம் என்று மணிக்கணக்கில கதைப்பதைப் போலத்தான் இதுவும். நானும் எழுதத் தொடங்கினேன். குழலின் நீளம், சரி. கைபிடி உறை, சரி. ஒன்பதாவது நிமிடத்தில நின்றுவிட்டேன். நீளமான குழலின் ‘டெர்மினல் பெர்ஃபோமன்ஸ்’ நல்லதாம்.

பாடப்புத்தகத் தமிழில ‘இறுதிநிலைச் செயற்றிறன்’ என்று போடலாம். ஏதோ முகாமைத்துவ பீடத்தின்ட அசைன்மென்ற் மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சொல்லின்ட அர்த்தம் அதில்லை. குண்டு ஒரு உடம்புக்குள்ள போன பிறகு எவ்வளவு கிழிக்கும் என்பதுதான் அர்த்தம். இந்த ரகக் குண்டு சின்னது. அதின்ட வலு பாரத்தில இல்லை, வேகத்தில இருக்கு. குழல் கட்டையானால் வாயு தள்ளுகிற தூரம் குறையும், வேகமும் குறையும், குண்டு சிதறிக் கிழிப்பதும் குறையும். அப்ப 10.3ஆ 12.5ஆ என்று இரண்டு அங்குலத்துக்கு அவர்கள் அடிபடுவது எதைப் பற்றி? தசையைப் பற்றி. பதினெட்டு நிமிடத்திலயும் ‘ஆள்’ என்ற சொல் ஒருக்காலும் வரேல்ல.

2018இல் புளோரிடாவின் பார்க்லாண்ட் பாடசாலையில 17 பேர் சுடப்பட்டு இறந்த பிறகு, காயப்பட்டவர்களின் ஸ்கான் படங்களைப் பார்த்த கதிரியக்க மருத்துவர் ஒருவர் அதைப் பற்றி எழுதினார். சாதாரணக் கைத்துப்பாக்கிக் காயம் உறுப்புக்குள்ள மெல்லிய கோடு மாதிரித் தெரியுமாம். இந்தத் துவக்கின் காயத்தில திருத்துவதற்கு உறுப்பே மிஞ்சேல்ல என்று எழுதினார். அதுதான் அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லின்ட சரியான மொழிபெயர்ப்பு.

“அமெரிக்கர் விசரர்” என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. நான் அதைச் சொல்ல வரேல்ல. அந்த வீடியோக்காரர் தன் வாழ்க்கையில கடதாசி இலக்கைத் தவிர வேறொன்றையும் சுட்டிருக்க மாட்டார். இப்படிப் பூட்டி விளையாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் அப்படித்தான். என்ர சண்டை அந்த ஆளோட இல்லை. ஒரு ஆயுதத்தை அதின்ட வேலையில இருந்து பிரித்து, தெரிவு, ரசனை, பட்ஜெட் என்று ஆக்கிவிடுகிற பேச்சோடதான் சண்டை.

அந்தப் பேச்சுக்கு அங்க சட்டமும் துணை நிற்குது. அமெரிக்கச் சட்டப்படி இந்த வகைத் துவக்கில ‘துவக்கு’ எண்டது கீழ்ப்பாதி மட்டும்தான். தொடரிலக்கம் அதிலதான் இருக்கும். குண்டு வெளிக்கிடுகிற மேற்பாதி வெறும் சாமான். பெரும்பாலான மாநிலங்களில சப்பாத்து ஓடர் பண்ணுவது மாதிரி வீட்டுக்கு வரும், உங்களை ஆரெண்டு ஒருத்தரும் கேளார்.

கட்டைக் குழலுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. அதின்ட வரலாறே ஒரு பகிடி. 1934இல் வந்த தேசிய சுடுகலன் சட்டத்தின்ட முதல் வரைவில கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அதைக் கட்டுப்படுத்தினால் சனம் றைபிளை வெட்டிக் கட்டையாக்கி உடுப்புக்குள்ள ஒளிக்கும் என்றுதான் கட்டைக் குழலையும் சேர்த்தார்கள். பிறகு கைத்துப்பாக்கியை வரைவில இருந்து எடுத்துவிட்டார்கள், கட்டைக் குழல் மட்டும் மிஞ்சினது. இன்றைக்கும் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள றைபிள் என்றால் பதிய வேண்டும். 200 டொலர் வரியும் இருந்தது. தொண்ணூறு வருசமாக ஏறாமல் இருந்த அந்த வரியை 2026 ஜனவரியில பூச்சியமாக்கிவிட்டார்கள்.

அதுக்குள்ளயும் ஓட்டை. பின்பக்கத் தோள்கட்டை இல்லாமலே முதலில இருந்து செய்தால் அதே கட்டைத் துவக்கு சட்டத்துக்குக் ‘கைத்துப்பாக்கி’. தோள்கட்டைக்குப் பதிலாக, மாற்றுத்திறனாளிகள் முன்கையில கட்டிக்கொள்ளவெனச் செய்த ‘பிரேஸ்’ என்ற சாமானைப் பூட்டித் தோளில வைத்தே சுடலாம். 2019இல் ஓஹையோவின் டேற்றன் நகரில அப்படி ஒன்றால் ஏறக்குறைய அரை நிமிடத்தில 9 பேர் செத்தார்கள். 2021இல் கொலராடோவின் போல்டரில, சுப்பர்மார்க்கெட் ஒன்றில, இதே ரகக் ‘கைத்துப்பாக்கியால்’ 10 பேர். 2023இல் அரசு பிரேஸுக்கு எதிராக விதி கொண்டுவந்தது, 2024இல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அங்குலத்தையும் கட்டையையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். எதுக்காக அளக்கிறோம் என்ற கேள்வி எப்பவோ காணாமல் போய்விட்டது.

“அக்கா, இது வெறும் கேம்” என்றான் தம்பி. எனக்கும் அது விளங்கும். கோல் ஒஃப் டியூட்டியில ‘கன்ஸ்மித்’ என்ற பகுதியே இருக்கு, குழலை மாற்றினால் எண்கள் ஏறி இறங்கும். ஆனால் 2022இல் டெக்சஸின் உவால்டேயில 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதற்காக அந்தக் குடும்பங்கள் துவக்குக் கொம்பனியோட சேர்த்து அந்த கேம் கொம்பனிக்கும் எதிராக வழக்குப் போட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டதென்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு கேமும் கடையும் வேறவேறயாகத் தெரியேல்ல எண்டதைத்தான் சொல்லுறன். அதுக்கு முதல், 2012இல் சாண்டி ஹூக் பாடசாலையில 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட வழக்கு. 2005இல் வந்த ஒரு சட்டம் துவக்குக் கொம்பனிகளைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்பதால், குடும்பங்கள் விளம்பரத்தைத்தான் பிடித்தார்கள். இந்தத் துவக்கை வாங்கினால்தான் நீ ஆம்பிளை என்ற மாதிரியான விளம்பரம். 2022இல் 73 மில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது. இரும்பை விட்டுவிட்டுச் சொல்லை வழக்குக்கு இழுத்ததால் கிடைத்தது அது.

இனி எங்கட பக்கம். கட்டைக் குழல் எங்க இருந்து வந்தது? அமெரிக்கப் படையின்ட எம்-4இன் குழல் 14.5 அங்குலம். கப்பலுக்குள்ளயும் அறைக்குள்ளயும் திரும்ப அது நீளம் என்று 10.3 அங்குலக் குழலில எம்கே-18ஐச் செய்தார்கள். அதாவது, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர வசதியான அளவு. வீடியோக்காரர் தன்னைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான் யோசிக்கிறார். நாங்கள் இந்தப் பக்கம் நின்ற சனம். எங்கட ஊரில துவக்கு எண்டது பார்ட்ஸ் பட்டியல் இல்லை. ரி-56, அவ்வளவுதான். ஆர் கையில இருக்கிறது எண்டது மட்டும்தான் மாறினது. சண்டை முடிஞ்சபோது எனக்கு ஆறு வயது, பெரிசா நினைவில்லை. ஆனால் அம்மம்மா இன்றைக்கும் ‘துவக்கு’ எண்டு சத்தமாகச் சொல்லமாட்டா, ‘அது’ எண்டுதான் சொல்லுவா. அந்த வீட்டிலதான் தம்பியும் வளர்ந்தவன்.

நான் ஸ்கிரிப்ட் எழுதிக் குடுக்கேல்ல. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுதான், போடுறதெண்டால் இப்படியே போடு எண்டு ஒரு நீளமான மெசேஜ் அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. போன கிழமை அவன்ட சனலில வீடியோ ஏறியிருக்கு, கீழ மெஷின் மொழிபெயர்த்த தமிழ் ஓடுது. ஒன்பதாவது நிமிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ‘முனையச் செயல்திறன்’ எண்டு இருக்கு, கட்டுநாயக்காவில பிளேன் ஏறப் போற மாதிரி.