பழைய பப்ஜியா, புது பி.ஜி.எம்.ஐ.யா? என் ஓட்டு புதுசுக்குத்தான்!



போன வாரம் கேன்டீனில் ஒரு பெரிய பஞ்சாயத்து. எங்க கேங்கில் ஒருத்தன், "என்ன இருந்தாலும் பழைய பப்ஜி மாதிரி வருமா மச்சி? அதோட கெத்தே வேற" என்று ஆரம்பித்தான். உடனே எல்லோரும் 2019-க்குப் போய் கொசுவர்த்தி சுத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும், "இல்லடா, புதுசுதான் நல்லது" என்றேன். அவ்வளவுதான், டீ ஆறுகிற வரைக்கும் கலாய்த்துத் தள்ளிவிட்டார்கள். அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நடுவில் என் சொந்தக் கதை ஒன்றும் வருகிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) பப்ஜி என்றால், விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிக்க வேண்டும். கிடைக்கிற துப்பாக்கி, கவசம் எல்லாம் பொறுக்கிக்கொண்டு கடைசி வரைக்கும் உயிரோடு இருக்கிறவர்தான் வெற்றியாளர். பிரெண்டன் கிரீன் என்பவர் வடிவமைத்தது. 2017-ல் கணினிக்கு வந்தது. 2018 மார்ச்சில் மொபைலுக்கு வந்த பிறகுதான் நம்ம ஊர்ப் பசங்க கைக்கு வந்து சேர்ந்தது. கணினி வாங்க முடியாதவன் கையிலும் ஒரு போன் இருந்ததே!

வேகம் எப்படி என்றால், 2019 தொடக்கத்திலேயே வேலூர் வி.ஐ.டி.யின் ஆண்கள் விடுதிகளில் பப்ஜி விளையாடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்ட செய்தி நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அதே வருஷம் மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் தடை போட்டு, விளையாடிய மாணவர்களைக் கைது செய்த கூத்தும் நடந்தது.

பிறகு 2020 செப்டம்பர் 2. லடாக் எல்லைப் பிரச்சினை சூட்டில் மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் போனது. குறைந்த வசதியுள்ள போன்களுக்கான பப்ஜி மொபைல் லைட்டும் போனது. அந்த வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி சர்வரையே நிறுத்திவிட்டார்கள். இதில் பெரிய காமெடி, எரங்கல் வரைபடத்தைப் புதுப்பித்து உலகத்துக்கே 1.0 அப்டேட் வந்தது தடை வந்து ஆறாவது நாள். நாம் இலை போட்டு உட்கார்ந்தபோது பந்தி முடிந்துவிட்டது :-)

அடுத்த வருஷம், 2021 ஜூலை 2-ஆம் தேதி, கிராஃப்டன் என்ற தென்கொரிய நிறுவனம் அதே விளையாட்டை இந்தியாவுக்கு மட்டும் என்று புதுப்பித்து, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தது. அதுதான் பி.ஜி.எம்.ஐ.

சரி, மேட்டருக்கு வருவோம். புதுசில் என்ன நல்லது? என் கணக்கு இது.

1. நேரத்துக்கு ஒரு கட்டு. 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்ற விதியோடுதான் 2021-ல் வந்தது. எரங்கலில் ஒரு ஆட்டம் கடைசி வரைக்கும் போனால் அரை மணி நேரம். அப்படியானால் ஆறு ஆட்டம். ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு ஆறு ஆட்டம் போதாதா என்ன? பழையதில் 2019-லேயே 'ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, ஓய்வெடுங்கள்' என்று ஒரு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஆனால் பையனுக்கு ஆறு மணி நேரம் என்பதே எவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

2. பெரியவர்களின் சம்மதம். சின்னப் பையன் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் போன் எண் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும். இது பெரிய விஷயம், பின்னால் சொல்கிறேன்.

3. செலவுக்கு வரம்பு. சின்னப் பசங்களுக்கு ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது என்று வைத்தார்கள். இந்த வரம்பைப் பார்த்து நான் சிரித்தேன் என்பது வேறு விஷயம். என் சித்திக்கு அது அரை மாதச் சம்பளம்! இருந்தாலும் வரம்பே இல்லாததற்கு இது மேல்.

4. ரத்தம் பச்சை ஆனது. 'கில்' என்ற சொல் போய் 'ஃபினிஷ்' ஆனது. இதைக் கேலி செய்யாதவர்களே இல்லை. எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆறு வயசுக் குழந்தைக்கு இது நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பாருங்கள். சீனாவில் 2019 மே மாதம் வந்த பதிப்பில் தோற்றவன் சாகக்கூட மாட்டான், கையசைத்து டாட்டா காட்டிவிட்டுப் போவான். அதற்கு நம்முடையது எவ்வளவோ தேவலை.

5. சின்ன வரைபடம். 2023-ல் வந்த நூசா ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்தான், 32 பேர்தான், ஏழெட்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். எங்க தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகிற அண்ணன்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆட்டம் முடித்துவிட்டு மிஷினுக்குத் திரும்புகிறார்கள். எரங்கலாக இருந்தால் பாதியில் சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

இதெல்லாம் பட்டியல். இப்போது கதை.

எனக்கு ஊர் ஆம்பூர். காலை ஆறரைக்கு எங்க தெருமுனையில் நின்றால் கம்பெனி பஸ் வரிசையாக வரும், பெண்கள் டிபன் பாக்ஸோடு ஏறுவார்கள். அதில் என் சித்தியும் ஒருத்தி. ஷூவுக்கு அப்பர் தைக்கிற வேலை. 2020-ல் பள்ளிக்கூடம் மூடியதும், எட்டாவது படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு (சித்தி மகன்) ஆன்லைன் கிளாஸுக்கு என்று ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அதில் பப்ஜி ஏற்றிக் கொடுத்தது நான். எனக்கு அப்போது காலேஜ் முதல் வருஷம், ஸ்க்வாடுக்கு ஆள் வேண்டும்.

அவன் என்னைவிட நன்றாக ஆடினான். ராத்திரி மூன்று மணி வரைக்கும் ஆடினான். துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்க யூ.சி. வேண்டும் என்றான். சித்தியின் கார்டு நம்பரை எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு தடவைக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் பல தடவை அடித்தான். தீபாவளிக்கு முன்னால் சித்தி பாங்கில் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தபோது 4,200 ரூபாய் குறைந்திருந்தது. சித்தி கத்தவில்லை. பாஸ்புக்கை என்னிடம் கொடுத்து, "இது என்னன்னு பாத்துச் சொல்லுப்பா, நீதான் படிச்சவன்" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. குற்றம் விளையாட்டு மேல் இல்லை, என் மேல்தான். அதைச் சித்தியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்த வருஷம் பி.ஜி.எம்.ஐ. வந்ததும் தம்பி ஆரம்பித்துவிட்டான். "பயப்படாதீங்க சித்தி, இது புதுசு. மூணு மணி நேரம் ஆனா தானா நின்னுடும்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். பெரியவர் எண் கேட்ட இடத்தில் சித்தியின் எண்ணைப் போடாமல் என் எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. எனக்கு வந்தது, சொன்னேன், முடிந்தது.

பத்து நாள் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் ராத்திரி, "அண்ணா, டைம் முடிஞ்சிடுச்சு, உங்க ஐடி குடுங்கண்ணா, ஒரே ஒரு மேட்ச்" என்று வந்தான். கொடுத்தேன். என் ஐடிக்கு 18 ஆகிவிட்டதே, கட்டு கிடையாது. ஒரு மேட்ச் இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் விடியற்காலை தண்ணி பிடிக்க எழுந்த சித்தி நேராக என் வீட்டுக்கு வந்தார். "மூணு மணி நேரம் ஆனா தானா நின்னுடும்னு நீதானேப்பா சொன்னே? ஏன் நிக்கல?"

அந்தக் கேள்விதான் நண்பர்களே இந்தக் கட்டுரை.

2020-ல் சித்தியால் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அப்போது எங்கள் கண்ணில் பட்ட மாதிரி ஒரு கறாரான விதி இல்லை. பையன் எவ்வளவு நேரம் ஆடலாம், யார் சம்மதம் வேண்டும், எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. "எல்லாப் பசங்களும் ஆடறாங்க சித்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். 2021-ல் ஒரு விதி இருந்தது. அது மீறப்பட்டபோது யாரைக் கேட்க வேண்டும் என்று ஸ்மார்ட்போனே சரியாகத் தெரியாத ஒரு அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன், ஓ.டி.பி. எண்ணைச் சித்தியின் எண்ணுக்கு மாற்றினேன். தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை :-(

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வேறு உதாரணமே வேண்டாம். பாலாறு இருக்கிறது. டேனரிக் கழிவு விஷயத்தில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்துகிறவர்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. சுத்திகரிப்பு இல்லாமல் ஓடக் கூடாது என்றது. அடுத்த நாளே ஆறு சுத்தமாகிவிட்டதா? இல்லை. 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் டேனரி விஷயத்தில் இழப்பீடு, கண்காணிப்பு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அதற்காக 1996 தீர்ப்பு வீண் என்று யாராவது சொல்வார்களா? அந்தத் தீர்ப்பு இருந்ததால்தான் அடுத்த முறை கேட்க முடிந்தது. விதி ஓட்டையாக இருக்கலாம். ஆனாலும் விதியே இல்லாத காலத்தைவிட அது ஒரு படி மேல்.

இனி எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் நேர்மையாகப் பார்ப்போம்.

"தடை போட்டது பசங்க நல்லதுக்கா? நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு என்றுதானே போட்டார்கள்?" உண்மைதான். குழந்தைகள் மேல் அக்கறையில் அந்தத் தடை வரவில்லை. மறுபடி உள்ளே வருவதற்காக நிறுவனம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது, அதில் நமக்குக் கிடைத்த லாபம் இது. லாபம் எந்த வழியில் வந்தாலும் லாபம்தானே.

"அப்படியும் 2022-ல் மறுபடி எடுத்துவிட்டார்களே?" ஆமாம், ஜூலை 28-ஆம் தேதி கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதக் கடைசியில் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு திரும்பியது. திரும்பி வந்தபோது கட்டு இன்னும் இறுகியது: சின்னவர்களுக்கு மூன்று மணி நேரம், பெரியவர்களுக்கே ஆறு மணி நேரம். ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் கொஞ்சம் திருந்தித்தான் வந்திருக்கிறது.

"பழையதில் வெளிநாட்டு ஆட்களோடு ஆடலாமே?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்க ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சவுதி என்று இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அஸ்லம் பாய் மகன் ராத்திரி பத்து மணிக்கு ரியாத்தில் இருக்கிற அண்ணனோடு ஒரே ஸ்க்வாடில் ஆடுவான். ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம் இருக்கும். இந்தியாவுக்கு மட்டும் என்று ஆனதும் அது போச்சு. அதே மாதிரி லைட் பதிப்பும் போச்சு. பி.ஜி.எம்.ஐ. வந்தபோது குறைந்தது 2 ஜிபி ராம் கேட்டது. வசதி குறைந்த போன் வைத்திருந்தவன் வெளியே நின்றான். இந்த இரண்டும் நிஜமான நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

"எங்களைச் சின்னப் பசங்களாக நடத்துவதா?" என்று கேட்கிற என் வகுப்புத் தோழர்களுக்கு ஒன்றே ஒன்று. நாம் 'பழைய பப்ஜி கெத்து' என்று சொல்லும்போது நமக்கு ஞாபகம் வருவது விளையாட்டு இல்லை, நமக்கு அப்போது இருந்த நேரம். பரீட்சை இல்லை, வேலை தேடும் கவலை இல்லை, நண்பர்கள் எல்லோரும் ஆன்லைனில் இருந்தார்கள். எந்த அப்டேட் வந்தாலும் அது திரும்ப வராது. அந்தக் கணக்கைப் புது விளையாட்டின் மேல் எழுதாதீர்கள்.

தம்பிக்கு இப்போது 18 முடிந்துவிட்டது, டிப்ளமோ படிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, "அண்ணா, இப்ப எனக்கு மூணு மணி நேரக் கட்டு கிடையாது தெரியுமா?" என்று சிரித்தான். சித்தி உள்ளேயிருந்து, "அது போன்ல இல்லடா, வீட்ல இருக்கு" என்றார்.

ஆகவே என் ஓட்டு புதுசுக்குத்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் தம்பி, தங்கை ஆடினால், ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று இன்றைக்கு ஒரு தடவை பாருங்கள். உங்கள் போனுக்கு வந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள்.