பார்த்தோமா, கடந்தோமா?

உரோமைத் திருப்பயணம் சென்று திரும்பும் நம் மக்களிடம், "புளோரன்சு நகரில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாவற்றையும் முடித்துவிட்டோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. உஃபீட்சி ஓவியக்கூடம் முடிந்தது. அக்காதெமியாவில் தாவீதின் சிலை முடிந்தது. சான் மார்கோ மடமும் முடிந்தது. பழைய கடனைத் தீர்த்து வந்தவரைப் போலப் பேசுகிறார்கள். கலை என்பது முடித்துத் தீர்க்க வேண்டிய வேலையா? ஒரு பகலில் மூன்று கூடங்களையும் ஓடிக் கடப்பவர் ஒன்றையுமே காணவில்லை என்பது நம் துணிபு.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்கள் சிலரை அழைத்துச் சென்றபோது, புளோரன்சுக்குக் கிடைத்த ஒரே பகலில் மூன்றையும் அட்டவணையில் அடைத்தவர் நாமே. உஃபீட்சியின் நீண்ட நடைக்கூடத்தில் ஒரு மூதாட்டி நம் அருகில் வந்து, "சாமி, இதுல எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க. நடக்கிறதுலயே பொழுது போகுது" என்றார். பல ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வந்தவர் அவர். அவருக்கு நாம் விடை சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம்.

முதலில் உஃபீட்சி. 1560இல் வசாரி என்னும் கலைஞர் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. பெயரின் பொருளே அலுவலகங்கள் என்பதுதான். மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயீசா, தம் முன்னோர் சேர்த்த கலைச்செல்வம் இந்நகரை விட்டு வெளியேறலாகாது என்று 1737இல் உடன்படிக்கை செய்ததால்தான் அது இன்றும் அங்கே இருக்கிறது. அங்கு ஓர் அறையில், அரியணையில் அமர்ந்த அன்னை மரியாவின் மூன்று பெரும் படங்கள் உள்ளன. தூச்சோ, சீமாபுவே, ஜொத்தோ ஆகிய மூவரும் மூன்று வெவ்வேறு கோவில்களுக்காகத் தீட்டியவை. ஜொத்தோவின் அன்னை மட்டும் நம் வீட்டுத் தாயைப் போல உடலின் கனத்தோடு அமர்ந்திருக்கிறார். ஆடைக்குள் முழங்கால் தெரிகிறது. மேலை ஓவியம் திரும்பிய ஒரு முனையை அந்த ஓர் அறையிலேயே கண்டுகொள்ளலாம். ஆனால் மூன்றையும் ஒப்பிட அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். நாமோ அரை நிமிடமும் நிற்கவில்லை.

அடுத்து அக்காதெமியா. மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது, ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறான். பேராலயத்தின் உச்சிக்கென்று தொடங்கிய சிலை, நகரச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டு, 1873இல்தான் இக்கூடத்துக்கு வந்தது. சதுக்கத்தில் 1910 முதல் அதன் படி நிற்கிறது. அதைக் காணக் கட்டணமில்லை. தாவீதை நோக்கி விரைபவர்கள் வழியில் நிற்கும் 'கைதிகள்' சிலைகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கல்லிலிருந்து பாதி மட்டுமே வெளிவந்த அவ்வுருவங்களில் சிற்பியின் உளித்தடம் அப்படியே தெரிகிறது. சிற்பம் எப்படிப் பிறக்கிறது என்பதை முழுமைபெற்ற தாவீதை விட அவையே தெளிவாகக் கற்பிக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் இருப்பது சான் மார்கோ. கோசிமோ டி மெடிச்சியின் பொருளுதவியால், 1437 முதல் மைக்கலோட்சோ புதுப்பித்துக் கட்டிய சாமிநாதர் சபை மடம் அது. அச்சபையின் துறவியான பிரா ஆஞ்செலிக்கோவும் அவருடைய உதவியாளர்களும், நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகளின் சுவர்களில் ஓவியம் தீட்டினர். வரைந்தவரை 1982இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அருளாளராக உயர்த்தினார். மடம் 1869இல் அருங்காட்சியகமாயிற்று. ஆனால் படங்கள் இடம் பெயரவில்லை. ஓர் அறைக்கு ஒரு படம். ஒரு துறவியின் கண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் அது ஒன்றே. ஓர் அறையில், கண் கட்டப்பட்ட இயேசுவை உடலற்ற கைகள் அடிக்கின்றன. ஒரு தலை மட்டும் காறி உமிழ்கிறது. கீழே புனித சாமிநாதர் அமைதியாக நூல் வாசிக்கிறார். அந்த அமைதி ஏன் என்று வினவும் அளவுக்கேனும் நின்றால்தான் அப்படம் பேசத் தொடங்கும்.

"இலட்சக்கணக்கில் செலவழித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒன்றை மட்டும் பார்ப்பதா?" என்று கேட்பார்கள். செலவு பெரிது என்பதாலேயே அதை வீணாக்கலாகாது என்கிறோம். விருந்துக்குச் சென்றவர் எல்லாப் பந்தியிலும் அமர்ந்து ஒவ்வொரு வாய் உண்டு எழுவதில்லை. "குருவானவர் ஆதலால் மடத்தைப் பரிந்துரைக்கிறார்" என்றும் சிலர் சொல்லக்கூடும். அன்று. ஓவியம் பயில்பவர் பகல் முழுவதும் உஃபீட்சியில் இருக்கட்டும். சிற்பம் பயில்பவர் அக்காதெமியாவில் இருக்கட்டும். ஆனால் ஒரே பகல் உள்ள நம் பங்கு மக்களுக்கு நாம் சான் மார்கோவையே சொல்வோம். பிற கூடங்களில் இருப்பவற்றுள் பல, தம் பீடத்தையும் இடத்தையும் இழந்து வந்தவை; இங்கோ ஓவியம் எச்சுவருக்காகப் பிறந்ததோ அச்சுவரிலேயே இருக்கிறது. எந்த நகரமாயினும், நேரம் குறைவானால், வேறெங்கும் எடுத்துச் செல்ல முடியாததைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

அன்று நாம் சான் மார்கோவை அடைந்தபோது இருபது நிமிடமே மீதியிருந்தது. மாடிப்படியின் உச்சியில், கபிரியேல் தூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் ஓவியம் இருக்கிறது. அந்த மூதாட்டி அதன்முன் கைகூப்பி நின்றுவிட்டார். உதடுகள் அசைந்தன. "வாங்கம்மா, பஸ் நிற்கிறது" என்று அவரை நாமே அழைத்து வந்துவிட்டோம். அவ்வோவியத்தின் கீழே இலத்தீனில் ஒரு வாசகம் உண்டு. இவ்வன்னையின் உருவத்தைக் கடந்து செல்பவர், 'வாழ்க' என்று வாழ்த்தாமல் செல்லலாகாது என்பது அதன் கருத்து. குருமடத்தில் இலத்தீன் கற்ற நாம் அதை வாசிக்கவில்லை. எழுத்தறியாத அவர் அதன்படி செய்துகொண்டிருந்தார்.

பயண அட்டவணை வகுக்கும் குருக்களே, முகவர்களே, அடுத்த முறை இரண்டு கூடங்களின் பெயரைத் துணிந்து அடித்துவிடுங்கள். மிஞ்சும் ஒன்றைப் பற்றிப் புறப்படுமுன்பே மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு அவர்களை நிற்க விடுங்கள்.