சீட்டுப் பணத்தில் விமானமா?

பீளமேட்டில் எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். அதைப் பார்த்தே வளர்ந்த என் மகன் (ஒன்பதாவது படிக்கிறான்) கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் 'பிளைட் சிமுலேட்டர்' கேட்டு ஒரே பிடிவாதம். மைக்ரோசாப்ட் 2020ல் விட்டதுதான் வேணுமாம். படம் நிஜம் மாதிரியே இருக்கிறது, இல்லை என்கவில்லை. ஆனால் 100 ஜி.பி.க்கு மேல் இடம், நல்ல கிராபிக்ஸ் கார்டு, வேகமான இன்டர்நெட் எல்லாம் கேட்கிறது. எங்க பழைய கம்ப்யூட்டர் தாங்குமா? 'எக்ஸ்-பிளேன் 12' வாங்கினாலும் இதே கதைதான்.

"பைலட் ஆகப் போற பையன், சீட்டுப் பணத்தை எடுத்துப் புதுசே வாங்கிரலாம்" என்றார் என் கணவர். "ஏனுங்க, அது பிளஸ் ஒன் பீஸுக்கு வெச்சதுங்க" என்றேன். பைலட் லைசென்சுக்கு பிளஸ் டூவில் பிசிக்ஸ், கணக்கு வேணும். 200 மணி நேரம் நிஜ விமானம் ஓட்டணும். வீட்டில் ஓட்டுவது கணக்கில் வராது.

1997ல் இருந்தே இலவசமாகக் கிடைக்கும் 'பிளைட்கியர்' போட்டுக் கொடுத்தேன். படம் சுமார்தான். ஏற, இறங்க, மீட்டர் பார்க்கப் பழக அது போதும். "ஆறு மாசம் ஓட்டு கண்ணு, அப்புறம் பேசலாம்" என்றிருக்கிறேன். மூணு வாரமாகத் தினமும் மோதினான். நேற்றுதான் ஒழுங்காக இறக்கினான்.

- ஒரு வாசகி, பீளமேடு, கோவை.