மழைநீர் யார் பொறுப்பு?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் நகரங்களில் மழைநீர் மண்ணை அரித்து, வீடுகளையே விழுங்கும் பெரும் பள்ளங்களை உருவாக்கி வருகிறது. 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, தலைநகர் கின்ஷாசா உட்பட 26 நகரங்களில் 2,922 பள்ளங்களைக் கணக்கிட்டுள்ளது. 2004 முதல் 2023 வரை ஏறத்தாழ 1,18,600 பேர் இவற்றால் வீடிழந்தனர் என மதிப்பிடுகிறது.

மணற்பாங்கான சரிவு மட்டுமே இதற்குக் காரணமன்று. மேட்டிலுள்ள கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழைநீர், போதிய வடிகால் இல்லாததால் ஒன்றுதிரண்டு சரிவில் பாய்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள், சரிவில் குடியிருக்கும் ஏழைகளே. உருவான பள்ளத்தைத் தடுத்து நிறுத்தப் பெருஞ்செலவாகும். சாலை போடும்போதே வடிகால் அமைப்பதும், வீடுதோறும் கூரைநீரைச் சேமிப்பதும் எளிது.

நம் கூரைநீர் யார் வாசலில் போய்ச் சேர்கிறது? நாமும் எண்ணிப் பார்ப்போம்.