பெயர் மட்டும் போதுமா?

பெயர் அமையும் வழியைத் தமிழ் இலக்கணம் இரண்டாகப் பகுக்கிறது. காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணம் கருதாது வழங்கி வருவது இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை, மண் ஏன் மண் ஆயிற்று என்று கேட்பதற்கில்லை. நிறுவனங்களின் பெயர்களையும் இவ்வாறு பகுத்துப் பார்ப்பது முதலீட்டாளருக்கு நன்மை தரும்.

நிறுவனர் பெயரைத் தாங்கியவை பல. ஐதராபாத்தில் 1984-இல் அஞ்சி ரெட்டி தொடங்கிய மருந்து நிறுவனம் டாக்டர் ரெட்டீஸ் ஆயிற்று. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பெயர் எழுத்துகளே டி.வி.எஸ். ஆயின. வேறு சில நிறுவனங்கள் தெய்வத்தின் பெயரையோ, ஓர் அறப்பண்பின் பெயரையோ சூடிக்கொள்கின்றன. புதிய நிறுவனத்தின் பெயர் முன்னரே பதிவான பெயரை ஒத்திருக்கிறதா, சட்டத்துக்கு முரணானதா என்பதை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ஆராய்வர். பெயர் சுட்டும் பண்பு அந்நிறுவனத்திடம் உண்டா என்று ஆராய்வார் எவருமில்லை.

இதன் விளைவை ஐதராபாத் நகரமே கண்டது. 1987-இல் அங்கே தோன்றிய மென்பொருள் நிறுவனம் சத்யம்; பொருள், உண்மை. அதன் நிறுவனர் குடும்பத்தைச் சார்ந்த கட்டுமான நிறுவனங்களுக்கு மேட்டாஸ் என்று பெயர். சத்யம் என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதினால் கிடைப்பது அது. 2008 டிசம்பர் 16 அன்று மேட்டாஸ் நிறுவனங்களை வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. பங்குதாரர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்தில் அம்முடிவைக் கைவிட்டது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு தம் கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என ஒப்புக்கொண்டார். சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருதை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்நிறுவனம் பெற்றிருந்தது. பின்னர் அது பறிக்கப்பட்டது.

வங்கி வாடிக்கையாளர் கருத வேண்டிய செய்தி இதனுள் ஒன்றுண்டு. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியவை போலி வங்கி ஆவணங்கள். இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டு உறுதி செய்யும் அடிப்படை நடைமுறையைத் தணிக்கையாளர்கள் முறையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2011-இல் கண்டறிந்தது. கையில் தரப்பட்ட தாளை நம்பியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினர். நிறுவனம் 2009-இல் டெக் மகிந்திராவின் கைக்கு மாறியது. 2013-இல் அதனுடன் இணைந்தபோது சத்யம் என்னும் பெயரும் மறைந்தது.

அறப்பெயர்கள் அனைத்தையும் ஐயுற வேண்டும் என்பது என் கருத்தன்று. அவை தொடக்கத்தில் இடுகுறிப்பெயர்களே. நிறுவனத்தின் நடத்தைதான் ஆண்டுகள் செல்லச்செல்ல அவற்றைக் காரணப்பெயர்கள் ஆக்குகிறது.

ஆயினும், பெயருக்குக் காரணம் இருந்தே தீர வேண்டும் என்று சட்டமே வற்புறுத்தும் சொல் ஒன்று உண்டு. அது வங்கி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949-இன் 7-ஆம் பிரிவின்படி, சில விலக்குகள் நீங்கலாக, வங்கித் தொழில் செய்யாத நிறுவனம் தன் பெயரில் அச்சொல்லைச் சேர்த்தல் கூடாது. வங்கித் தொழில் செய்யும் நிறுவனம் அதனை விடுதலும் கூடாது. அச்சொல்லுக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியின் உரிமம் நிற்கிறது. காப்பீடு செய்யப்பட்ட வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதியும் உண்டு. இனிய பெயர் கொண்ட பிற நிறுவனங்களில் போடும் வைப்புக்கு அந்தக் காப்புறுதி இல்லை.

எனவே, கூடுதல் வட்டி தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கும்போது, பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். வைப்புத்தொகை பெற அதற்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். சில நிமிடங்களே ஆகும். பெயரைச் சூட்டுவது அவர்கள் உரிமை. அதன் காரணத்தைக் கேட்பது நம் கடமை.