வெகுமதியா, தூண்டிலா?

உருத்திரபுரத்துப் பத்தாம் வாய்க்காலடியிலே பொழுது சாயும் வேளையில் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இரணைமடுவின் நீர்மட்டத்தையும் நெல்லின் விலையையும் பற்றி உரையாடிய வாய்கள் இன்று மௌனமாகியுள்ளன. தலைகள் குனிந்திருக்கின்றன, விரல்கள் கைத்தொலைபேசியின் திரையைச் சுரண்டுகின்றன. நாளும் தவறாது செயலிக்குள் நுழைந்தால் ஒரு நாணயம்; ஏழு நாள் தொடர்ந்தால் பதக்கம்; சக்கரத்தைச் சுழற்றினால் ஏதோவொரு பரிசு! கமக்காரனும் சுழற்றுகிறான், கந்தோரிலிருந்து திரும்பிய உத்தியோகத்தரும் சுழற்றுகிறார்.

விளையாட்டை நாம் வெறுப்பவர்களல்லர். கிளித்தட்டும் சடுகுடுவும் ஆடி வளர்ந்தவர்களே நாம். ஆனால் கிளித்தட்டில் ஆடுபவனுக்கு ஆட்டம் தெரியும், எல்லைக்கோடு தெரியும், ஆட்டம் முடியும் நேரமும் தெரியும். திரையிலே நடக்கும் ஆட்டத்தின் விதிகளை எழுதியவன் யார்? அது எப்போது முடியும்? அதில் வெல்பவன் யார்? இவற்றைக் கேட்பது குடிமகனின் உரிமை என்பதே நமது வாதம்.

இந்தத் தந்திரத்தின் வேர் பழையது. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், பெட்டியில் அடைத்த புறாக்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். எத்தனையாவது கொத்தலுக்கு இரை விழும் என்பது நிச்சயமில்லாதபோது புறா ஓயாது கொத்திக்கொண்டேயிருந்தது. இரை தருவதை நிறுத்திய பின்னரும் அது எளிதில் விட்டுவிடவில்லை. 1957 இல் அவரும் பெர்ஸ்ரரும் இவ்வாய்வுகளை நூலாக வெளியிட்டனர். சூதாட்ட இயந்திரத்தை இயக்குவதும் இதே நிச்சயமின்மைதான். இன்று அது நமது சட்டைப்பைக்குள் குடியேறியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். கூகுள் நிறுவனம் 2017 இல் இந்தியாவில் பணம் செலுத்தும் செயலியொன்றை வெளியிட்டது. பின்னர் அது கூகுள் பே எனப் பெயர் பெற்றது. பணம் அனுப்பியவர்களுக்குச் சுரண்டல் அட்டைகள் வழங்கப்பட்டன. 2019 தீபாவளிக்கு ஐந்து முத்திரைகளைச் சேர்ப்பவர்க்குப் பரிசு என அறிவித்ததும், கிடைத்தற்கரிய ரங்கோலி முத்திரையைத் தேடி மக்கள் அலைந்தனர். ஆயினும் சுரண்டல் அட்டைச் சலுகை தமிழ்நாட்டவர்க்கு இல்லையென அதன் நிபந்தனைகள் கூறின. காரணம், 1979 இல் அங்கு இயற்றப்பட்ட பரிசுத் திட்டத் தடைச் சட்டம். பொருள் வாங்குவோருள் குலுக்கல் போன்ற முறைகளால் சிலரைத் தெரிந்து பரிசளிப்பதை அது தடுக்கிறது. கைத்தொலைபேசியைக் கனவிலும் காணாத காலத்துச் சட்டம், உலகின் மாபெரும் நிறுவனமொன்றைத் தன் எல்லையில் நிறுத்தியது!

அதனால் தமிழ்நாட்டில் பணம் அனுப்புவது நின்றுவிட்டதா? இல்லை. சேவை தொடர்ந்தது, தூண்டில் மட்டுமே விலகியது. ஆகவே சேவைக்கு இவ்விளையாட்டு இன்றியமையாதது என்ற வாதம் அங்கேயே வீழ்ந்துவிட்டது.

எதிர்வாதத்தையும் நாம் மறைக்கவில்லை. மொழி பயிற்றும் டுவோலிங்கோ போன்ற செயலிகள் தொடர்நாட் கணக்கையும் புள்ளிகளையும் கொண்டே பலரைப் படிக்க வைத்துள்ளன. மாணவனைப் படிக்கத் தூண்டும் நட்சத்திரத்தை எந்த ஆசிரியரும் பழிக்கமாட்டார். ஆனால் கற்பதற்காகப் புள்ளி என்பது வேறு. புள்ளி தொலையும் என்ற அச்சத்தால் நள்ளிரவில் திரையைத் திறப்பது வேறு. பயன் யாருக்கு, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்ற இரு வினாக்களே இவற்றைப் பிரிக்கும் உரைகல்.

நமது நாட்டின் சட்டம் என்ன செய்கிறது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வந்தது. 2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதிகாரசபை அமைக்கும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் சூதாட்டச் சட்டம் பந்தயப் பணத்தைத் தேடும். இங்கே பந்தயம் வைக்கப்படுவது மனிதனின் நேரமும் கவனமும். இடைவெளி அங்கேதான் உள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 2020 இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் விதிக்கோவை, பிள்ளைகளைத் தங்கள் அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கத் தூண்டும் உத்திகளைக் கையாளலாகாதென்கிறது. நமது பிள்ளைகள் மட்டும் காவலற்றவர்களா?

எனவே நாம் கோருவது இது: பரிசு கிடைக்கும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிப்படையாகக் கூறுக. கடன் வாங்குவதற்கும் மேலும் செலவழிப்பதற்கும் பரிசு காட்டுவதைத் தடை செய்க. சிறுவரிடம் இத்தூண்டிலை வீசாதிருக்க. விளையாட்டை அணைத்துவிட்டுச் சேவையை மட்டும் பெறும் வழியை ஒவ்வொருவர்க்கும் தருக.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில், உரமும் நீரும் பேசி முடித்தபின், கைத்தொலைபேசி அறிவித்தல்களை நிறுத்தும் முறையை இளைஞரொருவர் முதியோர்க்குக் காட்டட்டும். ஐந்து நிமிடம் போதும். வாய்க்கால் நீருக்கு முறை வைத்துக் காத்த மக்கள் நாம். ஒரு துளியும் களவு போக விட்டதில்லை. நமது பொழுது மட்டும் மடை உடைந்து எவனோ ஒருவனின் வயலுக்குப் பாய விடுவதா?